வெள்ளைச் சேலைக்கு மட்டும்தான் மரியாதையா?



கிட்டங்கிப் பக்கம் மாரி வெள்ளம் வடிந்து, கல்முனைக்கு மீண்டும் போக்குவரத்துத் தொடங்கிய ஒரு பின்னேரம். நாவிதன்வெளியில் எங்கள் மகளிர் குழுவின் மாதாந்தக் கூட்டம் நடந்தது. சேமிப்புப் பணத்தை எண்ணிக் கொப்பியில் பதிந்தாகிவிட்டது. எல்லோரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தங்கச்சி தன்னுடைய கைத்தொலைபேசியில் கே.பி. சுந்தராம்பாள் பாடிய பழைய பாட்டொன்றைப் போட்டாள். மூலையில் இருந்த வயதான மாமி ஒருவர் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்ததும் சொன்னார்:

"அவதான் பொம்புள. இருபத்தைஞ்சு வயசில புருஷன் போனான். அண்டைக்குக் கட்டின வெள்ளைச் சேலையச் சாகுமட்டும் மாத்தல்ல. இப்ப இருக்கிற புள்ளையள் எங்க?"

யாரையும் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்த பலருடைய பார்வை ஒரே பக்கம் திரும்பியது. அந்தப் பக்கத்தில் பச்சை நிறச் சேலையும் நெற்றியில் சின்னப் பொட்டுமாக ஓர் அக்கா இருந்தார். 2007ஆம் ஆண்டு பிள்ளைக்குப் பால்மா வாங்கக் கடைக்குப் போன அவருடைய கணவர் இன்றுவரை திரும்பி வரவில்லை. "அவள் அனுப்பாட்டி அவன் இருந்திருப்பான்" என்பது அன்று தொடங்கிய பேச்சு. பொட்டு வைத்தால், "புருஷன் இல்லாதவளுக்கு என்ன பொட்டு" என்கிறார்கள். ஒருநாள் வைக்காமல் போனால், "செத்திட்டான் என்று இவளே முடிவெடுத்திட்டாள்" என்கிறார்கள். அன்று அந்த அக்கா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒரு நல்ல பாட்டுக்காரியின் வாழ்க்கை இன்னொரு பெண்ணை அடிக்கும் தடியாக மாறியதை நான் அன்று கண்டேன். ஆகவே, புகழ்பெற்ற பாடகர்களின் வாழ்க்கைத் துணைகளைப் பற்றி ஊர் உலகம் என்ன பேசியது, ஏன் பேசியது என்பதை உங்களோடு சேர்ந்து சிறிது சிந்திக்கலாம் என்று நினைத்தேன்.

கொழும்பில் தொடங்கிய உறவு

சுந்தராம்பாள் 1908இல் தமிழ்நாட்டின் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். ரயிலில் பாடிக்கொண்டு போன சிறுமியின் குரலைக் கேட்டு நாடகக்காரர்கள் அழைத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். சிறுவயதிலேயே நாடக மேடைக்கு வந்த அவர் 1920களில் இலங்கைக்கும் வந்து கொழும்பில் நடித்தார். செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா அக்காலத்து நாடக மேடையின் மிகப் பெரிய பாடகர். இருவரும் சேர்ந்து மேடையேறியது கொழும்பில்தான். அந்தச் சோடியைப் பார்ப்பதற்குச் சனம் திரண்டது. 1927இல் அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள்.

இங்கேதான் சிக்கல். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர், பிராமணர். சுந்தராம்பாளோ வேறு சாதியில் பிறந்த நாடகக்காரி. கிட்டப்பாவின் குடும்பம் இந்த உறவை ஏற்கவில்லை. மேடையில் இருவரையும் சேர்த்துக் கைதட்டிய சமூகம் வீட்டில் அவர்களைச் சேர்த்துப் பார்க்க விரும்பவில்லை. வீட்டில் இருந்த முதல் மனைவியின் துன்பமும் உண்மையானதே. ஆனால் கவனியுங்கள் சகோதரிகளே, இப்படியான கதைகளில் எப்போதும் இரண்டு பெண்களைத்தான் எதிரெதிரே நிறுத்தி நியாயம் பேசுவோம். முடிவெடுத்த ஆண் நடுவிலிருந்து மெல்ல நழுவிவிடுவார்.

அவர்களின் இல்லறமும் நிம்மதியாக இருக்கவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. கிட்டப்பா பிரிந்து போவதும் வருவதுமாக இருந்தார். அவருக்குச் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. அவற்றில் ஏக்கமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. குடியும் நோயும் கிட்டப்பாவின் உடலைக் கெடுத்தன. 1933 டிசெம்பர் 2ஆம் திகதி அவர் இறந்தபோது வயது 27. சுந்தராம்பாளுக்கு வயது 25.

அதன் பின்னர் அவர் வெள்ளைச் சேலை உடுத்தார். எந்த ஆணோடும் சோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நடிக்க அவரை அழைத்தபோது ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. அந்தக் காலத்தில் அது யாரும் கேள்விப்படாத தொகை. அந்தப் படத்தில் நந்தனார் என்ற ஆண் வேடத்தையே அவர் ஏற்றார். சுதந்திரப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1950களில் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953இல் வெளிவந்த 'ஒளவையார்' படத்துக்குப் பிறகு ஒளவை என்றாலே தமிழர் மனதில் அவர் முகம்தான் வந்தது. 1970இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1980இல் இறக்கும்வரை வெள்ளைச் சேலைதான்.

மாமி சொன்னது பொய்யல்ல. ஆனால் அவர் பாதியைத்தான் சொன்னார். சுந்தராம்பாள் வீட்டு மூலைக்குள் ஒதுங்கி இருக்கவில்லை. உழைத்தார், சம்பாதித்தார், அரசியல் பேசினார், படத்தின் கதையில் தனக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று நிபந்தனை வைத்தார். ஊர் இவற்றையெல்லாம் மறந்துவிட்டு வெள்ளைச் சேலையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. ஒருகாலத்தில் 'இரண்டாம் தாரம்' என்று பார்க்கப்பட்டவரைச் சமூகம் கையெடுத்துக் கும்பிட்டது. அதற்காக அவர் கொடுத்த விலை தன்னுடைய இளமை. அதை அவர் தானே விரும்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கும்பிடு கிடைத்திருக்குமா? இதுதான் என்னுடைய கேள்வி.

விலை கொடுக்க மறுத்த ஒருத்தி

உலகத்தில் மிக அதிகமாகத் திட்டு வாங்கிய பாடகரின் மனைவி யாரென்று கேட்டால் யோக்கோ ஒனோ என்றுதான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் 'பீற்றில்ஸ்' இசைக்குழுவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான்கு இளைஞர்கள். 1960களில் உலகத்தையே ஆட்டிவைத்தவர்கள். அவர்களில் ஒருவர் ஜோன் லெனன். அவருடைய இரண்டாவது மனைவிதான் யோக்கோ.

யோக்கோ நம்மைப் போல யுத்தத்தைக் கண்டவர் என்பது பலருக்குத் தெரியாது. 1933இல் டோக்கியோவில் பிறந்தார். 1945 மார்ச் மாதம் அந்த நகரத்தின் மீது ஒரே இரவில் தீக்குண்டுகள் போடப்பட்டு ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் இறந்தபோது அவருக்கு வயது 12. பதுங்குகுழியில் உயிர் தப்பி, பின்னர் கிராமப்புறத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். வீட்டுச் சாமான்களைக் கொடுத்து அரிசி வாங்கிச் சாப்பிட்ட குடும்பம் அது. இடம்பெயர்ந்து வாழ்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பிற்காலத்தில் ஓவியம், கவிதை, மேடை நிகழ்ச்சி என்று தனக்கென ஒரு பெயரோடு இருந்தவர் 1966இல் லண்டனில் தன்னுடைய கண்காட்சியில்தான் லெனனைச் சந்தித்தார். 1969 மார்ச் மாதம் திருமணம். 1970 ஏப்ரலில் குழு பிரிந்த செய்தி உலகத்துக்குத் தெரியவந்தது. அவ்வளவுதான். 'குழுவைப் பிரித்தவள்' என்ற பட்டம் அவர் தலையில் விழுந்தது. ஜப்பான்காரி என்பதற்காகவும் பழித்தார்கள். லெனனின் முதல் மனைவி பட்ட வேதனையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அங்கேயும் பழி லெனனை விட்டு யோக்கோவிடம்தான் போனது.

நடந்தது என்ன? குழுவின் காரியங்களைப் பார்த்துவந்த முகாமையாளர் 1967இல் இறந்துவிட்டார். அதன் பிறகு பணக் கணக்கில் குழப்பம். புதிய முகாமையாளராக யாரை வைப்பது என்பதில் நால்வரும் ஒத்துப்போகவில்லை. ரிங்கோ ஸ்ரார் 1968இல் கோபித்துக்கொண்டு சில நாட்கள் போய்விட்டார். ஜோர்ஜ் ஹரிசன் 1969 ஜனவரியில் அவ்வாறே போனார். தான் விலகப்போவதாக லெனன் மற்றவர்களிடம் சொன்னது 1969 செப்டெம்பரில். அதை வெளியில் தெரியும்படி செய்தவர் போல் மக்கார்ட்னி. நான்கு அண்ணன் தம்பிமார் சேர்ந்து செய்த கடை, காணிக் கணக்கில் பிரிவது போன்ற ஒரு பிரிவுதான் அது.

1969 ஜனவரியில் எடுக்கப்பட்ட படச்சுருள்களைக் கொண்டு பீற்றர் ஜாக்சன் என்ற இயக்குநர் 2021இல் ஏறத்தாழ எட்டு மணிநேர ஆவணப்படம் வெளியிட்டார். கலகக்காரியாக யோக்கோவை எதிர்பார்த்து அதைப் பார்த்தவர்கள் ஏமாந்துபோனார்கள். அதில் யோக்கோ பெரும்பாலும் கணவர் பக்கத்தில் பேசாமல் இருக்கிறார். பத்திரிகை வாசிக்கிறார். ஏதாவது கைவேலை செய்கிறார். அதே படத்தில் மக்கார்ட்னி ஒரு பகிடி விடுகிறார்: யோக்கோ ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உட்கார்ந்ததால்தான் குழு உடைந்தது என்று ஐம்பது வருடத்துக்குப் பிறகு சொல்வார்கள், அது எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று. உண்மையில் அப்படியேதான் சொன்னார்கள். குழுவைப் பிரித்தது யோக்கோ அல்ல என்று மக்கார்ட்னியே 2012இல் ஒரு பேட்டியில் சொன்னார். 42 வருடம் கழித்து வந்த வாக்குமூலம்.

இடையில் அந்தப் பெண் பட்டது எவ்வளவு! முந்தைய திருமணத்தில் பிறந்த மகளை அவளுடைய தகப்பன் 1971இல் கொண்டுபோய் மறைந்துவிட்டார். 1990கள் வரை தாயும் மகளும் சேரவில்லை. 1980 டிசெம்பர் 8ஆம் திகதி நியூயோர்க்கில் வீட்டு வாசலில் லெனன் சுட்டுக்கொல்லப்பட்டபோது யோக்கோ பக்கத்தில் இருந்தார். அப்போது அவர்களின் மகனுக்கு ஐந்து வயது. காணாமல் போன பிள்ளையைத் தேடிய தாய், கண் முன்னே கணவனை இழந்த மனைவி. ஆனால் யோக்கோ ஒதுங்கிப் போகவில்லை. கணவரின் பாட்டுகளையும் சொத்தையும் தானே நிருவகித்தார். தன்னுடைய படைப்புகளையும் விடவில்லை. அதற்கும் திட்டு. 1971இல் வந்த 'இமாஜின்' பாட்டில் யோக்கோவுக்கும் பங்கு உண்டு என்று லெனன் சாகுமுன்னே சொல்லியிருந்தார். அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவராக அவரைச் சேர்க்கும் அறிவிப்பு 2017இல்தான் வந்தது.

கணவன் பக்கத்தில் இருந்தால்?

"பாட்டுக்காரரின் வேலையில் துணைவர் தலையிடுவது சரியா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவர் சதாசிவத்தைப் பார்ப்போம். இருவரும் 1940இல் மணம் செய்தார்கள். எந்தக் கச்சேரி, எந்தப் பாட்டு, எந்த மேடை என்பதையெல்லாம் தீர்மானித்தவர் சதாசிவம். கச்சேரியில் முன்வரிசையில் இருந்து சைகை காட்டுவார், எம்.எஸ். அதன்படி பாடுவார். மனைவி படத்தில் நடித்துச் சம்பாதித்த பணம் 1941இல் 'கல்கி' பத்திரிகை தொடங்க உதவியது. 1997இல் சதாசிவம் இறந்த பின்னர் எம்.எஸ். கச்சேரி மேடை ஏறவில்லை.

சதாசிவத்தையும் விமர்சித்தவர்கள் உண்டு. மனைவியைத் தன் விருப்பப்படி நடத்தினார், அவர் சங்கீதத்தைப் பக்திப் பாட்டுப் பக்கம் திருப்பினார் என்றார்கள். மறுபக்கத்தில், அவர் இல்லாவிட்டால் இந்த எம்.எஸ். இல்லை என்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கலாம். ஆனால் ஊரின் பெரும்பான்மைப் பேச்சு அவரை 'வழிகாட்டி' என்றுதான் அழைத்தது. எல்லாவற்றையும் தீர்மானித்த கணவர் வழிகாட்டி. பேசாமல் பத்திரிகை வாசித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த மனைவி குடிகெடுத்தவள். இரண்டு தராசு என்பது இதுதான்.

பழி எதற்குத் தேவைப்படுகிறது?

ஏர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் 'களங்கம்' பற்றி ஒரு நூல் எழுதினார். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோது பரீட்சைக்காகப் படித்தேன். வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியது. ஒருவர் மீது ஒரு முத்திரை குத்திவிட்டால், அதன் பிறகு அவர் என்ன செய்தாலும் அந்த முத்திரையின் ஊடாகத்தான் பார்ப்பார்கள். பொட்டு வைத்தாலும் குற்றம், வைக்காவிட்டாலும் குற்றம் என்பது அப்படித்தான் வருகிறது.

பழி போடுவதால் ஊருக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கிறது. நால்வரின் பணச் சண்டை என்று ஏற்றுக்கொண்டால் இரசிகர்களின் கனவு கலைந்துவிடும். யோக்கோ என்று சொல்லிவிட்டால் சுகம். நம்முடைய ஊரிலும் அதேதான். பால்மா வாங்கப் போன மனிதனைக் கொண்டுபோனது யார் என்று கேட்பதற்குத் துணிவு வேண்டும். அனுப்பிய மனைவியைக் கேட்பதற்கு ஒரு துணிவும் தேவையில்லை.

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தையல் இயந்திரக் கடனுக்கு ஒரு பெண்ணின் பெயர் வந்தது. "அவள் சரியில்லையாம்" என்று யாரோ சொன்னதை நான் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். பெயர் வெட்டப்பட்டது. அந்தப் பெண் செய்த குற்றம், ஒரு உறவுக்கார ஆணின் மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனது என்று ஆறு மாதம் கழித்துத்தான் அறிந்தேன். அதற்குள் அவர் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் போயிருந்தார். வாயால் வந்த இழப்பை எந்த நிவாரணத்தாலும் ஈடு செய்ய முடியாது.

நாங்கள் என்ன செய்யலாம்?

ஊர் வாயை மூடுவது கடினம். எங்கள் வாயைக் கவனிக்கலாம். ஒரு பெண்ணைப் பற்றி ஒரு கதை வந்தால் மூன்று கேள்விகளை மனதில் கேட்டுப் பாருங்கள். இதைக் கண்டவர் யார்? இதே காரியத்தை ஒரு ஆண் செய்திருந்தால் நாங்கள் கதைப்போமா? இந்தக் கதையை நான் இன்னொருவரிடம் சொன்னால் அந்தப் பெண் எதை இழப்பாள்? மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் கதையை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கதைக்கு ஆளாகும் சகோதரிக்கும் ஒரு வார்த்தை. எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். உங்களை நம்பும் இரண்டு பேரைத் தெரிந்து வைத்திருங்கள். கூட்டத்துக்கு வருவதை நிறுத்தாதீர்கள். கடன், உதவிப் பட்டியல்களில் உங்கள் பெயர் விடுபட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் நான் சுந்தராம்பாளின் கதையை முழுவதும் சொன்னேன். பச்சைச் சேலை அக்காவை வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்திருந்தேன். சவளக்கடைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு ராத்தா சொன்னார்: "எங்களுக்கு இத்தா நாலு மாசமும் பத்து நாளும்தான். மார்க்கத்தில கணக்கு இருக்கு. ஊர்ப் பேச்சுக்குத்தான் கணக்கு இல்ல." எல்லோரும் சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அவவுக்குப் பிறந்த புள்ளையும் செத்துப்போச்சா?"

ஓம் என்றேன்.

"1990இல எனக்கு முப்பது வயசு" என்றார் மாமி. "உடுக்கச் சொல்லி வெள்ளையத் தந்தாங்க, உடுத்தன். விருப்பமா என்று ஆரும் கேக்கல்ல புள்ள."

பிறகு தன்னுடைய பாயில் சற்றுத் தள்ளி இருந்து, அந்த அக்காவை வந்து இருக்கச் சொன்னார்.

சகோதரிகளே, வெள்ளை உடுப்பதும் நிறம் உடுப்பதும் அவரவர் விருப்பம். சுந்தராம்பாள் தன்னுடைய வழியைத் தெரிந்தெடுத்தார். யோக்கோ தன்னுடைய வழியைத் தெரிந்தெடுத்தார். இருவரும் மரியாதைக்குரியவர்கள். உங்கள் ஊரில், உங்கள் வளவுக்குப் பக்கத்தில், ஒருத்தி இன்றைக்கும் பாதித் தேநீரோடு எழுந்து போய்க்கொண்டிருப்பாள். அவளை யார் கூப்பிட்டு இருக்கச் சொல்வது?